பித்தளை ஆணி அடித்த வண்டி

ஏப்ரல் 27, திங்கள்

இந்த டைரி உரக்கடைக்காரர் அப்பாவுக்கு இனாமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு விவசாயக் குறிப்பு இருக்கிறது. இன்றைய குறிப்பு: 'கோடை உழவு கோடி நன்மை.' எங்களுக்கு உழுவதற்கு நிலமில்லை. ஆனால் வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிறது.

என் பெயர் இலக்கியா. தமிழில் முப்பத்தெட்டு மார்க். "பேருக்கேத்த மார்க்கு வாங்குடி" என்று தமிழம்மா சொன்னபோது, "மார்க்கு இலக்கை எட்டலீன்னாலும் நான் இலக்கியாதானுங்க மிஸ்" என்றேன். மீதிப் பாடத்தை வராந்தாவில் நின்று கேட்டேன்.

வண்டி ஒரு பழைய மெட்டடார் வேன். மேலே வெள்ளை அடித்திருக்கிறார்கள். உரிந்த இடங்களில் சிவப்பு எட்டிப் பார்க்கிறது. நம்பர் டிஎன் 67 என்று ஆரம்பிக்கிறது. அது எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அப்பா சமையல் வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். இனி இந்த வண்டியை டிபன் கடையாக்கி, தாராபுரம் பைபாஸில் நிறுத்தப் போகிறார். ஒரு பக்கத் தகரத்தை வெட்டி ஜன்னல், உள்ளே இரண்டு அடுப்பு, ஒரு தோசைக்கல். வெல்டிங் ஆரோக்கியம் அண்ணன் வியாழக்கிழமை கேஸ் கட்டரோடு வருகிறார். வெட்ட வேண்டிய இடத்தில் அப்பா சாக்பீஸால் கோடு போட்டுவிட்டார்.

வண்டிக்குப் பின்னால் ஒரு சங்கிலி தரையைத் தொட்டுத் தொங்கியது.

"இது என்னங்கப்பா, வாலா?"

"தெரீல அம்மிணி. நாய் கட்டியிருப்பானுங்களோ என்னமோ."

"அப்ப வண்டி நாயை இழுத்துதுங்களா, நாய் வண்டியை இழுத்துதுங்களா?"

அப்பா சிரித்தார். பின்கதவைத் திறந்து, பலகைத் தரையில் உட்கார்ந்து, ஒரு பீடியைப் பற்ற வைத்தார். காலை ஆட்டிக்கொண்டே புகை விட்டார். மில் மூடியதிலிருந்து அப்பா காலாட்டி நான் பார்க்கவேயில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

வண்டியைச் சுத்தம் செய்தோம். தரை, சுவர், கதவின் உட்பக்கம் எல்லாமே மரப்பலகை. அடித்திருக்கும் ஆணி அத்தனையும் பித்தளை. கொக்கி பித்தளை, தாழ்ப்பாள் பித்தளை. பல்பு இருந்த இடத்தில் ஒயரை வெட்டி, ஓட்டையை அடைத்திருக்கிறார்கள்.

"எவனோ ரசிச்சுச் செஞ்சிருக்கான், பூசை ரூமாட்ட" என்றார் அப்பா.

"சாமான் ஏத்தற வண்டிக்கு எதுக்குங்க பித்தளை?" என்று அம்மா கேட்டாள். அம்மாவின் நல்ல கேள்விகளுக்கு எங்கள் வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை.

பலகை இடுக்குகளில் கருப்பும் சாம்பலுமாகத் தூசி. கூட்டக் கூட்ட வந்துகொண்டே இருந்தது. பின்கதவு வழியாகத் தள்ளி, காம்பவுண்டுச் சுவரோரம் குவித்தார் அப்பா. சாயங்காலம் பார்த்தால் அவர் கை மினுமினுத்தது. சோப்புப் போட்டும் போகவில்லை.

"வெள்ளியங்கிரிக்கு வெள்ளி பூசியாச்சுங்க" என்றேன். அப்பா பெயர் வெள்ளியங்கிரி.

"வாயி மட்டும் இல்லீன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்றாள் அம்மா.

ஏப்ரல் 29, புதன்

இன்று என் எழுத்துலகப் பிரவேசம்.

எதிர்வீட்டுப் பிரகதி காலையிலேயே வந்து டிரைவர் சீட்டில் ஏறி, விதவிதமாகப் போட்டோ எடுத்து, 'எங்க புது கேரவன்' என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். எங்களுடையது எப்போது அவர்களுடையதானது? மதியம் எல்லோரும் தூங்கும்போது, மிச்சமிருந்த நீலப் பெயின்டை எடுத்து, வண்டியின் தெருப்பக்கத்தில், எழுத்து வெட்டிய ஸ்டென்சில் தகடு வைத்து 'அமரர் ஊர்தி' என்று எழுதினேன். உச்சி வெயிலில் பத்து நிமிடத்தில் காய்ந்தது. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பாதி எழுத்து போய், மீதி எழுத்து பல வருடத்துப் பழசாகிவிட்டது. பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. நல்ல எழுத்தாளருக்கு அதுதான் அடையாளம்.

பிரகதியைக் கூட்டிவந்து காட்டினேன்.

"உள்ள உப்புப் போட்டுத் தொடைக்கறப்ப வெளிய இந்த எழுத்து வந்துதுடி. அந்தச் சங்கிலி எதுக்குன்னு நெனைக்கற? உள்ள ஏறுன உசுரு வண்டியை விட்டு எறங்கி அலையக்கூடாதுன்னு பூமியோட கட்டி வெச்சிருக்காங்க."

"பித்தளை ஆணி?"

"இரும்பு ஆணின்னா அதுங்களே புடுங்கிருமாம். பித்தளைன்னாத்தான் பயம்."

அவள் வீட்டைப் பார்த்து ஓடினாள். அவளுடைய அம்மா கலாமணி அத்தை விளக்கமாறோடு வந்து வாசித்தார். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க வாசித்துவிட்டது. முதல் படைப்புக்கே இவ்வளவு வாசகர்கள்.

ஏப்ரல் 30, வியாழன்

ஆரோக்கியம் அண்ணன் வந்தார். சிலிண்டரை இறக்கி, கட்டர் குழாயைக்கூட மாட்டிவிட்டார். அப்புறம்தான் தெருப்பக்கம் போய் எழுத்தைப் பார்த்தார். குழாயைக் கழற்றினார்.

"எங்கூட்ல பிரசவத்துக்கு இருக்கறாங்கண்ணே. இதைத் தொட்டுட்டு நான் ஊட்டுக்குள்ள போக முடியாது. தீட்டுக் கழிச்சுப்போட்டுச் சொல்லியுடுங்க, வந்த கையோட வெட்டித் தர்றேன்."

அப்பா என் எழுத்தின்மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அப்பா சாப்பிடவில்லை. எனக்கும் சொல்ல வரவில்லை.

மே 2, சனி

அப்பா கரூர் புரோக்கருக்குப் போன் போட்டார். "ஏலத்துல மொத்தமா எடுத்ததுங்க. எந்த வண்டி எதுக்கு ஓடுச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்" என்றாராம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பொய் செத்திருக்கும். அவர் சொல்லவில்லை. என் பொய்க்கு இப்போது கரூரிலிருந்து ஒரு சாட்சி.

அப்பா காலாட்டுவதை நிறுத்திவிட்டார்.

மே 4, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. வண்டித் தகரத்தில் கை வைக்க முடியவில்லை.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கிறதென்று அப்பா உள்ளே ஏறி, சுவர்ப் பலகைகளைக் கடப்பாரையால் பெயர்க்க ஆரம்பித்தார். நான் பலகை வாங்கிக் கொடுத்தேன். கடப்பாரை நுனி தரையில் இடித்தபோது 'சட்' என்று ஒரு சத்தம். நீலமாக ஏதோ மின்னி மறைந்தது. சற்று நேரம் கழித்து இன்னொரு தரம்.

"என்னங்கப்பா அது?"

"ஆணித் தலை தெறிக்குது. கொஞ்சம் அக்கட்ட நில்லு."

நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எந்த ஆணியும் தெறிக்கவில்லை. சத்தம் பலகைக்கு அடியிலிருந்து வந்தது. யாரோ கீழே படுத்துக்கொண்டு விரல் சொடுக்கின மாதிரி.

இது பிணவண்டி இல்லை என்று இந்தத் தெருவில் நிச்சயமாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு எதற்கு முதுகு சில்லிட வேண்டும்?

பக்கத்தின் அடியில்: 'விதைத்ததே முளைக்கும். தரமான விதைகளையே வாங்குவீர்.'

மே 7, வியாழன்

கோடை மழை. கூரை ஒழுகி வண்டிக்குள் தண்ணீர் இறங்கியது. காலையில் கதவைத் திறந்தால் ஒரு வாசம். அழுகின முட்டை மாதிரி, ஆனால் அது மட்டுமில்லை. எங்கேயோ முகர்ந்திருக்கிறேன். சந்தோஷமான ஏதோ ஒரு நாளில். எந்த நாள் என்றுதான் ஞாபகம் வரவில்லை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கதவோரம் மட்டும் மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். உள்ளே போகவில்லை.

"கோயில் பண்டாரத்தை வரச் சொல்லோணும்" என்றாள் அப்பாவிடம்.

மே 10, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போனால் மன்னிக்கவும், டைரியே.

பிரகதி என்னிடம் பேசாமல் இருந்தாள். சமாதானமாகப் போகலாம் என்றுதான் போனேன். போகும்போது என் விரல்கள் சும்மா இருக்க வேண்டுமே. பெயர்த்த பலகைக்கு அடியில், மழை எட்டாத உள்மூலையிலிருந்து ஒரு பிடி கருந்தூசியை அள்ளி, காகிதத்தில் விபூதி மாதிரி மடித்துக்கொண்டேன். தெருமுனையில் துப்புரவுக்காரர்கள் சருகு கூட்டி எரித்துக்கொண்டிருந்த இடத்தில் அவளைப் பிடித்தேன்.

"இதைக் கொஞ்சம் பத்திரமா வெச்சிருடி. கடைசியா அந்த வண்டியில போனவரோட சாம்பல்."

காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். கையில் தேள் ஏறினவள் மாதிரி உதறி எறிந்தாள். அது போய் விழுந்தது நெருப்பில்.

ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளிச்சம். 'புஸ்' என்று ஒரே மூச்சு. கண்ணுக்குள் பச்சைப் பச்சையாகப் பொட்டு. பிரகதியின் முன்முடி கருகிச் சுருண்டிருந்தது. அவள் ஓடினாள். நான் நின்றேன். புகை என்மேல் வந்தது.

வாசம் ஞாபகம் வந்துவிட்டது. தீபாவளி.

பெட்ரோல் லாரிக்குத் தொங்குகிற மாதிரி சங்கிலி. மரப்பலகை. உரசினாலும் பொறி வராத பித்தளை ஆணி. வெட்டிய ஒயர். ஒரு பொறிகூட வந்துவிடக்கூடாது என்று பயந்து பயந்து யாரோ செய்த வண்டி. அதன்மேல் உட்கார்ந்து அப்பா பீடி குடித்தார். அதற்குள் இரண்டு அடுப்பு வைக்கப் போகிறார்.

மே 11, திங்கள்

அப்பாவிடம் சொன்னேன். வெடிமருந்து ஏற்றின வண்டிங்கப்பா என்றேன். கடப்பாரைச் சத்தம், நெருப்பில் விழுந்தது, எல்லாம் சொன்னேன்.

"போன வாரம் பொண வண்டி. இந்த வாரம் வெடி வண்டி. அடுத்த வாரம் ஏரோப்ளேன்னு சொல்லுவியாட்ட இருக்குது."

"கொளுத்திக் காட்டறனுங்கப்பா."

கதவோரத்திலிருந்து ஒரு கரண்டி தூசி எடுத்து வந்து, கல்லின்மேல் வைத்து, தீக்குச்சியைக் கிழித்து வைத்தேன். குச்சி எரிந்து முடிந்தது. தூசி சேறு மாதிரி சும்மா கிடந்தது. இன்னொரு குச்சி. இன்னொன்று. அம்மா மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்த இடத்தில் எடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. காய்ந்ததை எடுத்து வரலாம் என்று ஓடினால், அப்பா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போதும் சாமி" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 12, செவ்வாய்

பண்டாரம் வந்தார். பிரகதி நடந்ததைச் சொல்லி, கலாமணி அத்தை அதற்குக் கைகால் வைத்து, ஆவி நெருப்பிலிருந்து எழுந்து பிரகதியின் முடியைப் பிடித்தது என்றே ஆகிவிட்டது. என்னைக் கடைசியாகக் காப்பாற்ற வேண்டிய சாட்சியை அவர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பண்டாரம் வண்டியைச் சுற்றி வந்து சொன்னார்: "சனிக்கெழமை அமாவாசை. உச்சிவேளைல, வண்டிக்குச் சொந்தக்காரன் உள்ள உக்காரோணும். நாலு பக்கமும் கற்பூரம் பத்த வெச்சு, தூபக்கால்ல நெருப்பள்ளிப் போட்டு, சாம்பிராணி, குங்கிலியம் போட்டுக் கதவைச் சாத்திரோணும். பொகையில தானா எறங்கி ஓடும்."

நான் நடுவில் போய் நின்றேன். "வேண்டாங்க. உள்ள நெருப்புக் கொண்டுபோகாதீங்க. அந்த எழுத்து நான் எழுதுனதுங்கம்மா. பொய்யிங்க. அது பொண வண்டியே கெடையாது."

அம்மா என் கையைப் பார்த்தாள். "உன்ற எழுத்து கோழி கெளறினாப்பல இருக்கும். அது அச்சடிச்சாப்பல இருக்குது. யாரு கிட்டக் கதை உடற?"

"ஸ்டென்சில் வெச்சு எழுதுனனுங்கம்மா."

பண்டாரம் அம்மா பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்: "பாத்தியா பூங்கொடி? பூசைன்னதும் மொதல்ல யாரு கத்துறது? எதைத் தொட்டிருக்குதோ அதுதான் தடுக்கும். புள்ளையையும் அப்பங்கூட உள்ள உக்கார வை."

அம்மா அழ ஆரம்பித்தாள். அம்மா அழுதால் நான் வாயை மூட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனாலும் கத்தினேன். கத்தக் கத்தப் பண்டாரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மே 13, புதன்

வீட்டிலிருந்த தீப்பெட்டிகளை எல்லாம் கிணற்றில் போட்டேன். அம்மா கடையில் ஒரு பண்டலாக வாங்கி வந்துவிட்டாள்.

மே 14, வியாழன்

அம்மா போனிலிருந்து கரூர் புரோக்கரைக் கூப்பிட்டேன். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை.

"வண்டி எந்த ஊருல இருந்து வந்துதுங்க?"

"சாத்தூர்ப் பக்கம். ஏன் பாப்பா?"

"என்ன ஏத்துனாங்க?"

"நான் கேக்கல. கேட்டா இதுமாதிரி வண்டியெல்லாம் விக்காது" என்றார். வைத்துவிட்டார்.

அப்பாவிடம் ஓடினேன். "சாத்தூருங்கப்பா. பட்டாசு ஊரு."

"சாத்தூர்ல ஆருமே சாகறதில்லயா?" என்று கேட்டார் அப்பா. அவர் கண் வீங்கியிருந்தது. அவரும் தூங்கவில்லை. ஆனால் அவர் பயப்படுவது வேறு எதற்கோ. என்னைத்தான் பார்த்துப் பயப்படுகிறார் என்று இப்போது புரிந்தது. தன் மகளுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று. தன் வண்டியிலிருந்து.

மே 15, வெள்ளி

திட்டம் தயார். நாளைக் காலை பூசைக்கு முன்னால், வண்டியைக் கழுவுகிறேன் என்று சாவி கேட்பேன். மோட்டாரைப் போட்டு, ஓஸை உள்ளே விட்டு, குளமாக்கிவிடுவேன். நனைந்தது எரியாது. அது திங்கட்கிழமை எனக்குத் தெரிந்துபோனது.

இன்றைய குறிப்பு: 'சொட்டுநீரே சிக்கனம்.' போடா.

மே 16, சனி, அமாவாசை

காலையில் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு. மாலை ஐந்துக்குத்தான் வருமாம். அம்மா அமாவாசைத் தலைக்குளியலுக்கு மேல்தொட்டியைக் காலி செய்திருந்தாள். கிணற்றில் இறைக்கலாம் என்று வாளியை எடுத்ததும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை உச்சிவேளை வரை விடவில்லை.

தெருவே வந்திருந்தது. பின்கதவருகே கோலம், எலுமிச்சை, திருஷ்டிப் பூசணி, ஒரு அண்டா நிறைய மஞ்சள் தண்ணீர். பூசை முடிந்ததும் எங்கள் தலையில் ஊற்றுவதற்கு. அப்பாவும் நானும் உள்ளே ஏறி உட்கார்ந்தோம். தகரம் கொதித்தது. பலகை இடுக்கிலிருந்து தூசி என் பாவாடையில் ஒட்டியது. நான்கு மூலையிலும் வெற்றிலைமேல் கற்பூரம் வைத்திருந்தார்கள். வெள்ளைக் கட்டிகள், இன்னும் பற்ற வைக்கவில்லை.

"அப்பா, எறங்கிரலாமுங்க."

"ஒண்ணுமில்ல கண்ணு. கொஞ்ச நேரந்தான். அப்பறம் நீ பழையபடி ஆயிருவ." என் தலையைத் தடவினார். விரல் மினுமினுத்தது.

வெளியே பண்டாரம் தூபக்காலை ஊதினார். கரி சிவப்பானது. நான் அழுதேன். பயத்தில் அழுததுதான். ஆனால் அழும்போதே கண் அண்டாவை அளந்துகொண்டிருந்தது.

"தாகமா இருக்குதுங்கம்மா. தொண்டை அடைக்குது. அந்தத் தண்ணியத் தாங்க."

"அது குடிக்கறதுக்கில்ல சாமி."

"தலையில தெளிச்சுக்கறன். நீங்க சொல்றபடி உக்காந்துக்கறன். அதை மட்டும் உள்ள வையுங்க."

பண்டாரம் யோசித்துவிட்டு, கேட்டால் கொடுக்க வேண்டும் என்றார். ஆவி கேட்டால், என்று அர்த்தம். அம்மாவும் கலாமணி அத்தையும் அண்டாவைத் தூக்கிப் பின்கதவு விளிம்பில் வைத்தார்கள். பண்டாரம் தூபக்காலைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவுக்கு வந்தார்.

இரண்டு காலையும் அடியில் கொடுத்து, வாயைப் பிடித்து இழுத்து, அண்டாவை உள்பக்கமாகச் சாய்த்தேன்.

தண்ணீர் ஒரே அலையாகப் பலகைமேல் ஓடியது. அப்பா நனைந்தார், கற்பூரம் மிதந்தது, வெற்றிலை மிதந்தது. அப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. வண்டிக்கு அடியில் சொட்டச் சொட்ட ஒரு சத்தம். பின்பக்கம் மை மாதிரி கருப்புத் தண்ணீர் கொட்டியது. அதன்மேல் வெள்ளி மாதிரி ஒரு படலம்.

"எறங்குது பாரு, எறங்குது" என்று பண்டாரம் பின்னால் நகர்ந்தார். காலியான அண்டா வெளியே உருண்டு விழுந்து அவர் முழங்காலில் இடித்தது. தூபக்கால் கை தவறியது. நெருப்புக் கரிகள் சுவரோரம் உருண்டன. அப்பா வண்டியிலிருந்து கூட்டித் தள்ளிய தூசிக் குவியல், நானே மறந்துபோனது, அங்கேதான் இருந்தது, மழைக்கப்புறம் வெயிலில் நன்றாகக் காய்ந்து.

அந்த வெளிச்சத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தமிழில் முப்பத்தெட்டு. சுவர் வெளுத்து, பிறகு கருத்தது. மேலே நின்ற முருங்கைக் கிளை கருகி இலை உதிர்ந்தது. பண்டாரத்தின் வேட்டி நுனி எரிய, அம்மா மிதித்து அணைத்தாள். யாருக்கும் ஒன்றுமில்லை. அப்புறம் புகை எங்கள்மேல் வந்தது.

அப்பா மூக்கை உறிஞ்சினார். என்னைப் பார்த்தார். பிறகு தனக்குக் கீழே இருந்த பலகையைப் பார்த்தார்.

கடப்பாரையைத் தொடவில்லை. பித்தளைக் கொக்கி ஒன்றைக் கழற்றி, அதை வைத்து நெம்பி, நனைந்த பலகையை மெதுவாகத் தூக்கினார். அடியில் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கருஞ்சேறு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. சேற்றில் பச்சை நூல் மாதிரி ஏதோ கிடந்தது. எடுத்துப் பார்த்தார். வெடித் திரி.

என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பதினைந்து வயதுப் பெண்ணை, குழந்தையைத் தூக்குகிற மாதிரி. தெருவுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் கீழே விட்டார்.

மே 17, ஞாயிறு

அப்பா அடிக்கவில்லை. காலையிலிருந்து பீடிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பற்ற வைக்கவில்லை.

"வந்த அன்னைக்கு அதுமேல உக்காந்துட்டுத் தீக்குச்சியை எங்க வீசுனேன்னு யோசிக்கறேன் அம்மிணி. ஞாபகமே வரமாட்டீங்குது."

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். இதற்கென்று இருக்கிற ஆட்களோடு நாளைக் காலை வருகிறார்களாம். அதுவரை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் நெருப்பு வரக்கூடாது.

ஆரோக்கியம் அண்ணன் கேள்விப்பட்டு ஓடி வந்தார். தான் வெட்ட வேண்டியிருந்த சாக்பீஸ் கோட்டைத் தூரத்திலிருந்தே பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு மட்டும் அந்த எழுத்து இல்லாம இருந்துருந்தா…"

எழுதியது நான்தான் என்று மார்தட்ட ஒரு கணம் நாக்கு எழுந்தது. அதே எழுத்துதான் நேற்று அப்பாவை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தது. நாக்கு படுத்துக்கொண்டது.

மதியம் பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்தார். எதுவும் கேள்விப்படாதவர். "அப்படியே கட்டி இழுத்துட்டுப் போயிக்கறனுங்க. அங்க போயி வெட்டிக்கலாம்" என்றார்.

"எதுல வெட்டுவீங்க?"

"கேஸ்லதானுங்க."

அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டி அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு வித்தவனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"எழுது."

"என்னன்னுங்கப்பா?"

"இருக்கறதை."

ஸ்டென்சில் இல்லாமல், என் கோழிக் கிளறலிலேயே, பழைய எழுத்தின்மேல் பெரிதாக எழுதினேன்: 'உள்ளே வெடிமருந்து. நெருப்போடு வராதீர்.' இந்தத் தடவை உப்புத்தாள் கிடையாது.

பிரகதி வந்து வாசித்தாள். "ஒருக்கா ஏமாந்தது பத்தாதாக்கும்" என்று சிரித்தாள். "பேய் எறங்கறப்ப அப்படித்தான் பத்துமாம். பண்டாரம் சொன்னாரு. இனிமே அது சுத்தமான வண்டியாம்."

அப்போதுதான் கவனித்தேன். நேற்றுவரை எங்கள் வீட்டைத் தாண்டிப் போகக்கூட ஒதுங்கியவர்கள், இன்று வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் சங்கிலியைப் பிடித்து ஆட்டுகிறார்கள். துரத்தினேன். திரும்ப வந்தார்கள். அப்பா ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தலையாட்டினார்களாம். வெள்ளியங்கிரி பாவம், பயந்து கிடக்கிறார் என்று பின்னால் பேசிக்கொண்டார்களாம்.

பொழுது இறங்கும்போது கலாமணி அத்தை தெருவைத் தாண்டி வந்தார். கையில் தட்டு. தட்டில் தேங்காய், பூ, கற்பூரம், தீப்பெட்டி.

"நில்லுங்கத்தை. அதைப் படிங்க மொதல்ல."

"படிச்சேன். இதும் உன்ற வேலைதானே?"

"ஆமாங்கத்தை. ரெண்டும் நான் எழுதுனதுதான். மொதல்ல எழுதுனது பொய்யி. நீங்க அதைத்தான் நம்புனீங்க."

அவர் என்னைத் தாண்டிப் போகப் பார்த்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். இழுத்த இழுப்பில் தேங்காய் உருண்டு விழுந்தது. என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை. வாயைத் திறந்தால் பல் கிட்டியது. அத்தை என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தீப்பெட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அப்பா அந்தப் பக்கம் ஈரச் சாக்கை மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் இதுவரை நான்கு தீப்பெட்டி சேர்ந்திருக்கிறது. தெருமுனையில் இன்னொரு தட்டு வருகிறது. கற்பூரத்தை அங்கேயே பற்ற வைத்துவிட்டார்கள். சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாக வருகிறார்கள்.

எழுந்து போக வேண்டும்.